ஒன்பதாம் நாக்கிலை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சற்று முன்னால், ஒன்றுமே இருக்கக் கூடாத ரத்தத்தில் ஒன்று இருந்தது.

இரண்டு கிளிக், ஒரு பெருமூச்சு, பிறகு கிணற்றுக்குள் யாரோ முணுமுணுப்பது போல நீளமாய் ஒரு ரீங்காரம். ரத்தத்தில் மருந்தைத் தேடும் அந்தக் கருவி வேலை செய்யும்போது போடும் சத்தம் அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாகக் கேட்டதில், அது பழுதானால் அடுத்த அறையில் இருந்தாலும் அதை ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். அன்று பழுதாகவில்லை. திரையில் பச்சைக் கோடு தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டே வந்தது. ஏழாவது நிமிடம் தாண்டியதும், பாடையில் படுத்திருந்தவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தது போல, நிமிர்ந்தது.

அது மருந்துக் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடம். மருந்து சாப்பிட்ட நோயாளிகளின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு முன்னால், மருந்தே சாப்பிடாத ஒருவரின் ரத்தத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிளாங்க் என்று பெயர். அதில் கோடு படுத்தே கிடந்தால்தான் கருவி பொய் சொல்லவில்லை என்று பொருள். வெளி ரத்தத்தை நம்ப முடியாது, எவன் எதைத் தின்றிருப்பானோ என்று, அந்தக் கூடத்தில் ஊழியர்களே மாதம் ஒருவராக முறை வைத்துக் கை நீட்டுவார்கள். நீட்டியவருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்.

அந்த மாதம் அவர் முறை. எழுந்து உட்கார்ந்தது அவருடைய ரத்தம்.

கூடத்தில் அவருக்குச் சொட்டு என்று பெயர். சொட்டுச் சொட்டாக அளப்பவர் என்பதால் வைத்தது. தலையில் முடி கொட்டிய பிறகு பெயர் இன்னும் வசதியாகிவிட்டது என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். சொட்டு அவசரப்படுகிறவர் அல்ல. குழாயைக் கழுவினார். ஊசியை மாற்றினார். மறுபடி ஓட்டினார். எழுந்து உட்கார்ந்தது. கருவியை ஒருமுறை தட்டக்கூடச் செய்தார். பத்தொன்பது வருடத்தில் செய்யாத காரியம். மூன்றாவது முறை ஓட்டினார். இந்த முறை முகடு முன்னதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது போலிருந்தது. அளந்தார். உயரம்தான்.

அந்த மருந்து நாக்கிலையிலிருந்து வருவது. முழங்கால் உயரம் வளரும், தண்டு கீரைத்தண்டு போல இளசாக இருக்கும், இலை அச்சு அசல் ஆள் நாக்கு. அந்தப் பேரினத்தில் ஒன்பது இனம் உண்டு. முதல் இனத்தின் கசப்புச் சத்து காய்ச்சலைத் தணிக்கும். இரண்டாவது புண்ணை ஆற்றும். நான்காவதின் எண்ணெய் பூஞ்சைக்கு எமன். இப்படி ஒவ்வொன்றும் ஒரு வைத்தியர். ஒன்பதாவதின் இலையில் இருக்கும் ஆல்கலாய்டு என்ற சத்து நரம்பு வலியை நிறுத்தும், அதுவும் சுவிட்சை அணைத்தது போல. முக நரம்பு வலியால் துடிக்கும் நாற்பத்து மூன்று நோயாளிகளுக்கு அறுபது நாள் கணக்கில் அதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்து நான்காவது ஆளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது சொட்டுக்கு மட்டும் தெரியும். ஒப்பிட்டு அளப்பதற்கென்று கரைத்த மருந்தில், சோதனை முடிந்து கொட்டவேண்டிய மிச்சத்தை அவர் கொட்டுவதில்லை. மருந்துச்சீசா ஒன்றில் ஊற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காலையும் மாலையும் எட்டுச் சொட்டு கொடுத்துவந்தார். திருட்டுதான். ஆனால் அவர் நாக்கில் ஒரு சொட்டுகூட வைத்துக்கொண்டதில்லை. கையுறை இல்லாமல் சீசாவைத் தொட்டதுகூட இல்லை.

அப்படியிருக்க, தன் ரத்தத்துக்குள் எப்படி வந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? போன மாதத்து ஆளான காவலாளியின் ரத்தம் உறைபெட்டியில் மீதியிருந்தது. அதை எடுத்து ஓட்டினார். கோடு பிணம் மாதிரி படுத்துக் கிடந்தது. அதையே அன்றைய பிளாங்க் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீடு மூன்றாவது மாடி. மனைவி கதவைத் திறந்ததும், அவள் முகத்துக்கு முன்னால் அந்த வாசனைதான் வந்தது. மழையில் நனைந்த இரும்பின் வாசனை, அதற்கு அடியில் லேசாய் ஒரு இனிப்பு, தூங்கும் குழந்தையின் உச்சந்தலையில் வருமே அப்படி. சொட்டுக்கு அது புதிதல்ல. ஒன்பதாம் நாக்கிலையை உரலில் போட்டு நசுக்கும்போது சோதனைக்கூடம் முழுக்க அதுதான் மணக்கும். நசுக்கினால் மட்டும்தான். சும்மா இருக்கிற இலையை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் வராது. இங்கே யார் எதை நசுக்கினார்கள்?

தலையணையில் இருந்தது. அவள் தலை துவட்டிய துண்டில் இருந்தது. சட்டையைக் கழற்றி முகர்ந்தபோது, தன் காலரிலும்.

அவளிடம் சொல்லவில்லை. ஆறு வருடம் அந்த இடது கன்னம் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மின்விசிறிக் காற்று பட்டால் துடிப்பாள் என்று விசிறியையே கழற்றிப் பரணில் போட்டாயிற்று. பல் துலக்க முடியாது. வலப்பக்கமாக மெல்லுவாள், வாயைப் பாதி திறந்து பேசுவாள், சிரிப்பு வந்தால் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பை விழுங்குவாள். இப்போது நாற்பத்தொரு நாளாகச் சத்தம் போட்டுச் சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், எதிர்வீட்டுக்காரியைப் பற்றி முழு வாயால் புறம் பேசுகிறாள். விசிறி திரும்பக் கூரையில் ஏறிவிட்டது.

அவளுக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. வீட்டில் கொசு இல்லையாம். எறும்பு இல்லையாம். சுவரில் பத்து வருடமாய்க் குடியிருந்த பல்லிகள்கூடக் காலி செய்துவிட்டன என்று சொன்னாள். சொட்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். உண்மைதான். பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார். எந்நேரமும் அங்கே உட்கார்ந்து அசிங்கம் பண்ணும் புறாக்கள் எதிர்க் கட்டிடத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடப் பக்கத்துப் புறாவைப் பார்க்கவில்லை. எல்லாம் இந்தப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை மதியம் அவர் கண்ணாடி வீட்டுக்குப் போனார். ஒன்பது இனங்களையும் அங்கே வளர்ப்பவர் ஒரு தாவரவியல் அம்மாள். செடியம்மா என்று பெயர். செடிகளோடு மட்டும் மரியாதையாகப் பேசுவார். உள்ளே வெக்கையும் ஈரமுமாக, யாரோ வாயைத் திறந்து முகத்தில் மூச்சு விடுவது போலிருந்தது. செடியம்மா அவர் வந்த காரணத்தைக் கேட்கவில்லை. கொஞ்சம் கிட்டே வந்து, நாய் மாதிரி இரண்டு முறை முகர்ந்தார்.

"நீ தின்னியா?"

"இல்ல மேடம்."

"அப்ப உன் வீட்ல யாரு?"

சொட்டின் கை தானாகக் காலரை மூடியது. அதுவே போதுமானதாக இருந்தது. செடியம்மா அவரை மூன்றாம் நாக்கிலைத் தொட்டி அருகே கூட்டிப்போனார். இலையில் ஒரு பச்சைப்புழு கவலையில்லாமல் மென்றுகொண்டிருந்தது. அதைச் சிறு இடுக்கியால் எடுத்து மேசைமேல் வைத்து, நடுமுதுகில் மெல்லக் கிள்ளினார். புழு சுருண்டது. அந்தக் கணமே வாசனை வந்தது. சொட்டு மனதுக்குள் எண்ணினார். ஒன்பது எண்ணுவதற்குள் ஒரு குளவி, நூல் போன்ற இடுப்பும் உடம்பைவிட நீளமான கால்களுமாக வந்து புழுவின்மேல் நின்றது. பின்பக்கத்திலிருந்து ஊசியை இறக்கியது. அதுவரை நெளிந்த புழு, தலைவாரிவிடும்போது குழந்தை உட்காருமே, அப்படி உட்கார்ந்திருந்தது.

"தன்னைத் தின்னவனை இந்தச் செடி ஒண்ணும் பண்ணாது," என்றார் செடியம்மா. "அவன் உடம்புக்குள்ள வாசனைய ஏத்திவிடும். அவன் எங்க போனாலும் வலிச்சா வாசனை விடுவான். குளவி தேடி வந்து முட்டை வச்சுட்டுப் போகும். நீங்கல்லாம் வலிமருந்து வலிமருந்துன்னு கொண்டாடுறீங்களே, அது எதுக்குன்னு நெனச்ச? குத்தும்போது ஓடாம நிக்கறதுக்கு."

ஒன்பதாம் நாக்கிலைத் தொட்டிகள் கோடியில் இருந்தன. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. இருபது வருடமாக இதை எந்தப் பூச்சியும் தொட்டுச் செடியம்மா பார்த்ததில்லையாம். ஆடு தின்னாது, நத்தை ஏறாது. மனிதன் ஒருத்தன்தான் பறித்துப் பறித்துத் தின்கிறான்.

"அதுக்குன்னு வர்ற குளவி எதுன்னுதான் எனக்குத் தெரியல," என்றார், அடுப்பில் உலை வைத்தவள் அரிசி எங்கே என்று தேடுகிற தொனியில்.

தான் சாப்பிடவே இல்லையே என்றார் சொட்டு. ஒரு செடியை நசுக்கினால் பக்கத்துச் செடிக்கும் ஏறும், ஒரே தலையணைதானே என்றார் செடியம்மா. பிறகு கதவைக் காட்டி, போகச் சொன்னார். இங்கே நிற்காதே என்று சொன்ன குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. வெளியே வந்ததும் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. ஒன்றல்ல, மேலும் கீழுமாக இரண்டு.

சொட்டு நேராக, நோயாளிகளைத் தொலைபேசியில் விசாரிக்கும் நர்ஸிடம் போனார். முதலில் சேர்ந்த பதினொரு பேரும் போன வாரத்தோடு அறுபது நாள் மருந்தை முடித்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். அவர்களில் ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"பதினொரு வீடும் திறந்து கெடக்கு சார். செருப்பு வாசல்ல இருக்கு, மூக்குக்கண்ணாடி மேசை மேல இருக்கு. அவங்க மட்டும் இல்ல." கொஞ்சம் யோசித்து, "ஜன்னலும் தொறந்திருந்துச்சாம்," என்றாள்.

சொட்டு கணக்குப் போட்டார். அவர் செய்யக்கூடிய ஒரே தவற்றை, மிகத் துல்லியமாகச் செய்தார். அறுபது நாள் தின்றவர்களைக் காணோம். இவள் நாற்பத்து மூன்றாவது நாளில் இருக்கிறாள். இன்றே நிறுத்திவிட்டால், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் மருந்து பாதியாகும். பாதியில் பாதி, அதில் பாதி. நாளை சாயங்காலத்துக்குள் இருக்கும் இடம் தெரியாமல் கழிந்துவிடும். எத்தனையோ பேர் ரத்தத்தில் அவர் கண்ணாலேயே பார்த்த கணக்கு. தப்பாது.

பஸ்ஸில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய் நின்றுகொண்டார். முன் இருக்கையில் அம்மாவின் தோளில் கிடந்த கைக்குழந்தை அவரைப் பார்த்தது, பிறகு அவர் தலைக்கு மேலே, பஸ்ஸின் பின்கண்ணாடியைப் பார்த்தது. இறங்கும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய், சீசாவைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்தில் விஷம் இருக்கிறது, இரண்டு நாள் பொறுத்துக்கொள், வேறு மருந்து கொண்டுவருகிறேன் என்று அவர் எதையெதையோ சொன்னார்.

"திரும்ப வந்தா?" என்றாள்.

"வராது."

"உங்களுக்கு வந்திருந்தா கொட்டியிருப்பீங்களா?"

அன்று இரவு அவள் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. நாற்காலியைப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்துகொண்டார். காலை போயிற்று. மதியம் போயிற்று. வாசனை குறைந்துகொண்டே வந்து, இரண்டு மணிக்குத் தலையணையில்கூட இல்லை. கணக்கு சரி. பால்கனிக் கைப்பிடியில் ஒரே ஒரு புறா வந்து உட்கார்ந்தது. சொட்டுக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளும் கோபம் கொஞ்சம் இறங்கி, சிறைக்காவலா என்று கேட்டாள். ஆயுள் தண்டனை என்றார். உதட்டின் ஓரத்தில் சிரிப்பு வந்தது.

மூன்றே காலுக்கு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

கண்ணுக்குக் கீழே ஒரு நரம்பு துடித்தது. அவள் கையை மெல்லக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள், தொடவில்லை. ஆறு வருடம் பார்த்த அசைவு. மின்விசிறியை நிறுத்த எழுந்தார். அதற்குள் வலியின் முதல் மின்னல் இறங்கியது. அவள் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு முன்பாகவே வந்தது வாசனை. முன்பு வந்ததெல்லாம் வாசனையே அல்ல. கூடை கூடையாக, வயல் வயலாக நசுக்கிக் கொட்டியது போல, நாக்கில் கசக்கும் அளவுக்கு, கண்ணில் நீர் கோக்கும் அளவுக்கு. இரும்பும் இனிப்பும்.

பால்கனியில் புறா இல்லை.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பதினொரு பேர் அறுபது நாள் தின்றதால் போகவில்லை. அறுபத்தோராவது நாள் தின்னாததால் போனார்கள். மருந்து ரத்தத்திலிருந்து கழியும். அதைத்தான் அவர் அளந்திருக்கிறார். வாசனை இருப்பது ரத்தத்தில் அல்ல. அது எங்கே இருக்கிறது என்று யாரும் அளந்ததில்லை. மருந்து இருக்கும்வரை வலி இல்லை. வலி இல்லாதவரை வாசனை லேசாகக் கசிந்ததோடு அடங்கிக் கிடந்தது. அவரே நிறுத்தினார். அவரே கிள்ளினார்.

அவளைப் படுக்கையறைக்குக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். சமையலறைக்கு ஓடிக் காலிச் சீசாவில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் குலுக்கினார். மூடி நழுவி உருண்டு அடுப்புக்கு அடியில் போனது. உள்ளே அவள் கத்துவது நிற்காமல் கேட்டது.

வெளியே இன்னொரு சத்தம்.

சுவரில் நகத்தால் கோடு இழுப்பது போல. அவசரமில்லாமல். கீழே எங்கோ தொடங்கி. முதல் மாடி. ஒரு நிற்றல். இரண்டாவது.

முன்னறை ஜன்னல் இருண்டது. பிறகு வெளிச்சம் வந்தது. யாரோ ஜன்னலைத் தாண்டி நடந்துபோனது போல. மூன்றாவது மாடியில்.

அவர் ஓடிப்போய் அதைச் சாத்தினார். கொக்கி போட்டார். சமையலறை ஜன்னல் இருண்டது. அதையும் சாத்தினார். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஈரமாக ஒரு தடம், மேலிருந்து கீழாக, நூல் அகலத்தில். பால்கனிக் கதவு. தாழ்ப்பாள் ஏறவில்லை. தோளால் முட்டி ஏற்றினார். இன்னும் ஒன்று பாக்கி. படுக்கையறை.

கத்தல் நின்றுவிட்டது.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவர் கேட்டதில்லை. கையில் சீசாவோடு நின்றார். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயத்தைத் தேடினார். நெஞ்சில் இதமாக, வெந்நீரில் இறங்கியது போல ஏதோ பரவிக்கொண்டிருந்தது. பயம் அதற்கு அடியில் எங்கோ, கைக்கு எட்டாமல் கிடந்தது. கால்கள் தாமாகவே நடந்தன.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாலு மணி வெயில் தரையில் விழுந்திருந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில், ஜன்னலை ஒட்டி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கதவுகள் விரியத் திறந்திருந்தன. இடது கன்னத்தைக் கம்பியில் சாய்த்திருந்தாள். காற்று பட்டாலே துடிக்கும் கன்னம்.

"ஏங்க," என்றாள் திரும்பாமல். குரல் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. "போயிடுச்சு."

அந்த ஜன்னலுக்கு ஆறு கம்பிகள். போன கோடையில் அவரே ஒவ்வொன்றாகச் சுரண்டிக் கறுப்பு பெயிண்ட் அடித்தது. இடமிருந்து எண்ணினார். எட்டு. வலமிருந்து எண்ணினார். எட்டு.

அவள் கன்னம் சாய்ந்திருந்தது ஏழாவதில்.

எட்டாவது நடுவில் மடங்கியது. சத்தமில்லாமல், வெயிலில் மெல்லிய ரோமங்கள் மின்ன, மற்ற கம்பிகளுக்கு இடையே உள்ளே வந்தது. அவள் பின்கழுத்தில் அவிழ்ந்து கிடந்த கூந்தலை, ஊசி போடப்போகும் நர்ஸ் செய்வது போல, பொறுமையாக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டது.